கயிற்றை விட்ட கை

கோபிசெட்டிபாளையம்,
மார்கழி 20

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தோளில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள், உடைந்த காறை எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் ஒரு பக்கம் எழுதுவதற்குள் தோள் கனத்துப்போகிறது, அதனால்தான் தாமதம். உனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

குதிரையை விற்றுவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். விற்கவில்லை, விற்கவும் மாட்டேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் பொன்னனை வாங்கியபோது நீயும் உடன் இருந்தாய். சுழி பார்த்தோம், பல் பார்த்தோம், காது நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அந்த மார்வாரி இனக் குதிரை அழகில் சொக்கி நின்றோம். இரண்டரை வயதுக் குட்டி, முதுகில் யாரும் ஏறியதே இல்லை என்று விற்றவர் சொன்னதைச் சிறப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் குதிரை வண்டியோடு வளர்ந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். அப்பாவிடம் வந்த குதிரைகள் எல்லாம் யாரோ எங்கோ பழக்கி, பல வருடம் வண்டி இழுத்துவிட்டு வந்தவை. அது ஏனோ எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆவணியில் சேணத்தை முதுகில் வைத்த முதல் நாளே முன்னங்கால்களைத் தூக்கி நிமிர்ந்தான். பயத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். நேராகக் கொட்டிலுக்கு ஓடிக் கொள்ளுத் தொட்டி முன்னால் நின்றுகொண்டான். இதேபோல் நான்கு முறை நடந்தது. ஐந்தாவது முறை கயிறு மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவன் இழுத்த இழுப்பில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் விழுந்தேன். மிச்சம்தான் உனக்குத் தெரியுமே.

படுத்திருந்த நாட்களில் குதிரை பழக்குகிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பதினைந்தே நாளில் ஏறி உட்காரலாம் என்றார். முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டி, சாட்டையை எடுத்தார். பொன்னன் வியர்த்து நடுங்குவதைத் திண்ணையிலிருந்து பார்த்தவள் என் மனைவிதான். அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டாள். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கார்த்திகையில் வந்தவர் காவல்துறைக் குதிரைப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் குதிரையைத் தொடவே இல்லை. கட்டுப்போட்ட தோளோடு நின்ற என்னிடம், பொன்னனை என் மகன் கொட்டிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நடத்திக் காட்டட்டும் என்றார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்: "குட்டி நன்றாகவே பாடம் படித்திருக்கிறது. நிமிர்ந்தால் கயிறு தளரும், தீனி கிடைக்கும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்." கயிற்றை இழுக்கும்போது குதிரை கற்பதில்லையாம். எந்த நொடியில் பிடி தளர்கிறதோ, அந்த நொடியில் தான் என்ன செய்ததோ அதையே சரி என்று எடுத்துக்கொள்கிறதாம். முருகேசா, முரட்டுக் குட்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவன் முரடனே இல்லை. நான் கற்றுத்தந்ததைச் செய்தான், அவ்வளவுதான்.

கடிவாளம் போடும் முன் கால்நடை மருத்துவர் வாயைப் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால், கடிவாள இரும்பு உரசும் இடத்திலேயே சின்னதாக ஒரு பல் இருந்தது. அதை எடுத்து, புண் ஆறும்வரை வெறும் தலைக்கயிறுதான். கொள்ளையும் பாதியாகக் குறைத்து வைக்கோலைக் கூட்டினார். வேலையே இல்லாத குட்டிக்கு அத்தனை கொள்ளு கொடுத்தால் அந்தத் தெம்பு எங்கே போகும்?

தினமும் இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. நீளக் கயிற்றில் வட்டமாக நடத்துகிறார், நிறுத்துகிறார், பின்னுக்கு நகர்த்துகிறார். பொன்னன் ஓரடி எடுத்துவைத்ததும் கயிறு தளர்கிறது. முதுகெலும்பு முழுதாக முற்றக் குதிரைக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகும், அதனால் ஏறுவதற்கு அவசரமில்லை என்கிறார். அடுத்த ஆடி கழிந்த பிறகே, அதுவும் எடை குறைந்த ஒருவரைக் கொண்டு, சில நிமிட நடை மட்டும். ஆரம்பத்தில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. இப்போது இல்லை.

மூன்று வாரமாகக் கயிறு என் கையில்தான். அவர் பக்கத்தில் நின்று என்னைத் திருத்துகிறார். கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடிக்க வேண்டும். நெற்றிக்கு நேராகக் கையை நீட்டக் கூடாது, அந்த இடம் குதிரையின் பார்வைக்குள் வராது. தோள் பக்கமாகப் போய்க் கழுத்தைத் தடவ வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் கொட்டிலுக்குள் நுழையவே மறுபடி பழகுகிறேன். செலவு கொஞ்சமில்லைதான். ஆனால் சேணத்துக்குக் கொடுத்த பணத்தை இதற்குக் கொடுத்திருந்தால் என் தோள் தப்பித்திருக்கும்.

உன் அக்கா மகன் குட்டி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். அவனிடம் இதைச் சொல். பழக்குகிறவரை முதலில் தேடட்டும், அவரைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போகட்டும். அதற்கு முன் அவர் வேறொரு குதிரையோடு எப்படி வேலை செய்கிறார் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். பக்கத்தில் நிற்க உரிமையாளரை விடாதவரிடம் குட்டியை ஒப்படைக்க வேண்டாம்.

நேற்றுக் காலை சேணத்தை முதுகில் வைத்தேன். காதைத் திருப்பினான், பெருமூச்சு விட்டான், நின்றான். கயிற்றைத் தளர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சேணத்தை எடுத்துவிட்டு இன்றைக்குப் போதும் என்று கைகாட்டினார். மாட்டுப்பொங்கலுக்கு வந்துவிடு. கண்ணுக்குப் புழுதி ஆகாது என்றால் திண்ணையில் இருந்தே பார்க்கலாம்.

உன் அன்புள்ள,
சுப்பிரமணி