ரைஸ்டாஃபெல் சமைச்சவங்கள விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல நெதர்லாந்து சாப்பாடு பத்தி வந்த கட்டுரைல ரைஸ்டாஃபெல்ல "இந்தோனேசியாவின் பாரம்பரிய விருந்து"ன்னு எழுதியிருந்தீங்க, அத என்னால ஒத்துக்கவே முடியல சார். அங்க எந்த வீட்லயும் அப்படி சாப்பிட மாட்டாங்க. நடுவுல சோறு, சுத்தி இருவது முப்பது தட்டு, சில இடத்துல நாப்பது கூட, இது அந்த நாட்ட ஆண்ட டச்சுக்காரங்களும் தோட்ட முதலாளிங்களும் தங்களோட பவிச காட்டிக்க உண்டாக்கின விருந்து. பத்தேவியாவுல, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுல, டெஸ் இண்டஸ்னு பெரிய ஓட்டல் இருந்துச்சு, 1971ல இடிச்சிட்டாங்க, அங்க ரைஸ்டாஃபெல்னா சர்வருங்க நீள வரிசையா ஆளுக்கொரு பதார்த்தத்த ஏந்திட்டு வருவாங்க, தொரை உக்காந்த இடத்துலயே ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்துப்பாரு. அந்த ஊரு இருக்கற அதே ஜாவா தீவுலதான் 1830லேர்ந்து விவசாயி தன் நிலத்துல அஞ்சுல ஒரு பங்கு கரும்பும் அவுரியும் ஏற்றுமதிக்கு பயிரிட்டு குடுக்கணும்னு கட்டாயம் இருந்துச்சு, 1840கள்ல சிரெபோன், டெமாக் பக்கம் பஞ்சத்துல ஜனங்க செத்தாங்க. இத ஒரு வரி கூட சொல்லாம எப்படி சார் விருந்த மட்டும் எழுதறது?

சாப்பாட்ட குறை சொல்லல, அது தங்கம். ஆனா அந்த ருசி முழுக்க உள்ளூர் சமையக்காரம்மாங்க கைப்பக்குவம். ரெண்டாங் ஒண்ணு போதும், மாட்டுக்கறிய தேங்காப்பால், மிளகா, பேரரத்தை, எலுமிச்சம்புல், மஞ்சச்செடி இலை போட்டு சின்ன தீயில மணிக்கணக்கா கெளறணும், பால் வத்தி எண்ணெ பிரிஞ்சு அந்த எண்ணெயிலயே கறி கருகருன்னு வறுபடணும், நடுவுல கைய எடுத்தா அடி புடிச்சிரும். வறுத்த தேங்காத்துருவல்ல வேர்க்கடலை போட்ட செருண்டெங், குச்சியில சொருகி சுட்ட கறியான சாத்தே, சாம்பல்ங்கற மிளகா அரைப்பு, இது எதையும் டச்சுக்காரங்க கண்டுபுடிக்கல. அவங்க பங்குன்னா பெர்கெடல்ங்கற பொரிச்ச உருளைக்கிழங்கு உருண்டை மாதிரி ஒண்ணு ரெண்டுதான், அதோட சொந்தக்கார உருண்டைதான் கொழும்புல டச்சு வம்சாவளி பறங்கியர் வீட்டுல வாழையிலைல சோறும் கறியும் மடிச்சு செய்யற லம்ப்ரைஸ்லயும் ஃப்ரிக்கடெல்னு இருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1949ல டச்சு அரசு இந்தோனேசியாவோட சுதந்திரத்த ஒத்துக்கிட்டதுக்கு முன்னயும் பின்னயுமா அங்கேர்ந்து கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர் நெதர்லாந்துக்கு வந்தாங்க, அதுல நெறைய பேர் ஐரோப்பிய-இந்தோனேசிய கலப்பு குடும்பத்துக்காரங்க, இந்தோன்னு சொல்வாங்க. தி ஹேக்ங்கற டச்சு நகரத்துல அவங்க பேரப்புள்ளைங்களுக்கு இது பாட்டி சமையல், அத யாரும் தப்பு சொல்ல முடியாது. இன்னிக்கு நெதர்லாந்து ரெஸ்டாரன்ட்ல இந்த விருந்து உசுரோட இருக்கறதே பெரும்பாலும் அவங்களாலதான்.

நெறைய தட்டு பரப்பி வைக்கற இந்த யோசனைக்கே மூலம்னு பலரும் சொல்றது மேற்கு சுமத்ராவோட பாடாங் சாப்பாடு. சர்வர் ஒரு கையில தட்டு மேல தட்டா அடுக்கிட்டு வந்து டேபிள் முழுக்க வெச்சிருவாரு, தொட்டதுக்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போயிரும். தயவுசெஞ்சு அடுத்த இணைப்புல அத பத்தி ஒரு முழுப்பக்கம் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்