கிரெட்ஸ்கி அட்டையின் ஓரத்தை வெட்டியது யார்? தர மதிப்பீட்டு முகவர் நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

விடயம்: 1979–80 ஓ-பீ-சீ வெய்ன் கிரெட்ஸ்கி அறிமுக அட்டை (இல. 18) உங்கள் பொறுப்பில் இருந்தபோது வெட்டப்பட்டமை

மதிப்புக்குரிய முகாமையாளருக்கு,

தர மதிப்பீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி உங்களிடம் ஒப்படைத்த என் ஹொக்கி அட்டை, அதாவது பனி ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை, "அசல், ஆனால் மாற்றம் செய்யப்பட்டது" என்ற லேபிளுடன், 1 முதல் 10 வரையிலான இலக்கத் தரம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. அதன் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கையில் தரும்போது அது வெட்டப்பட்டிருக்கவில்லை. என் புகார் இவ்வளவுதான். இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால்தான் கடிதம் நீளுகிறது.

உங்கள் முதல் மின்னஞ்சல், "அட்டை எங்களிடம் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றது. அட்டையை என்னிடமிருந்து பொறுப்பேற்கும்போது உங்கள் கடையிலேயே இரண்டு பக்கமும் ஸ்கான் செய்து, அந்தப் படத்தைப் பற்றுச்சீட்டோடு எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் படத்தில் வலது ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது. இப்போது ஸ்லாப்புக்குள் (மதிப்பீட்டாளர்கள் அடைத்து மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள்) இருக்கும் அட்டையில் அதே ஓரம் சவரம் செய்த மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. இந்த இரண்டு படங்களையும் நான் அருகருகே வைத்து அனுப்பிய பிறகு உங்கள் கதை மாறியது. "ஓரம் தாறுமாறாக இருந்ததால் எங்கள் தொழில்நுட்பவியலாளர் அதைச் சீராக்கியிருக்கலாம். இது தயாரிப்புச் சேவையில் அடங்கும்" என்று இரண்டாவது மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள்.

தயாரிப்புச் சேவைக்கு நான் கையெழுத்திட்ட படிவம் என்னிடம் இருக்கிறது. மென்மையான துணியால் கைரேகை துடைப்பது, புது உறையில் போடுவது, விறைப்பான பிளாஸ்ரிக் காப்பில் வைத்துப் பொதி செய்வது ஆகியவை மட்டும்தான் அதில் உள்ளன. கத்தியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த "தாறுமாறான ஓரம்" பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஹொக்கி அட்டைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பிக் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம், அதுவும் ஒன்ராறியோவில் இருந்துகொண்டு, ஓ-பீ-சீ அட்டையின் ஓரத்தைக் குறை என்று நினைத்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஓ-பீ-சீ, லண்டன் ஒன்ராறியோவில் இருந்த சூயிங்கம் நிறுவனம். அமெரிக்காவில் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அதே வடிவமைப்பைக் கனடாவுக்காகத் தானே அச்சிட்டது. பின்பக்கத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும். அச்சிட்ட தாள்களை அவர்கள் கம்பியால் வெட்டினார்கள். கத்தி வெட்டினால் வரும் நேர்த்தி கம்பிக்கு வராது. அதனால் ஓரத்தில் நார் எழும்பி, கிழித்ததுபோல் இருக்கும். அந்தக் காலத்து ஓ-பீ-சீ அட்டையைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் தேடுவது அந்தப் பிசிறைத்தான். அது இருந்தால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை வரும். மதிப்பீட்டாளர்களும் அதற்காகத் தரத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஓரம் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தால்தான் பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் காற்றுப்பட்டுப் பழுப்பேறிய மூன்று ஓரங்களுக்குப் பக்கத்தில் புது வெள்ளையாக ஓர் ஓரம் தெரிந்தால், அதைக் கண்டுபிடிக்க நிபுணர்கூடத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் ஸ்கானில் வலப்பக்க நீலக் கரை இடப்பக்கத்தைவிட அகலமாக இருக்கிறது. அட்டை கொஞ்சம் நடு விலகி அச்சானது. அந்தத் தொடரில் இது சாதாரணம். இப்போது இரண்டு கரையும் ஒரே அகலம். பிசிறை மட்டும் எடுத்திருந்தால் கரைகள் இவ்வளவு கச்சிதமாகச் சமமாகியிருக்காது. மையம் சரியாக இருப்பதுபோல் காட்டி ஓர் இலக்கம் கூடுதலாகத் தரம் வாங்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார் என்பதுதான் என் எண்ணம். இல்லை என்றால், அன்று அந்த அட்டையைத் தொட்டவர் யார், எந்தக் கருவியால் தொட்டார் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் "பழைய அட்டை என்றாலே அரிது, அரிது என்றாலே பணம்" என்று ஒரு வரி இருக்கிறது. இந்த நினைப்புத்தான் இப்படி வெட்டவும் துணிவைத் தருகிறது போலும். பழையது எல்லாம் அரிது அல்ல, அரிதானவையும் ஒரே காரணத்தால் அரிதானவை அல்ல. 1923–24இல் பிரான்ட்பேர்ட் நகரத்து வில்லியம் பற்றேர்சன் நிறுவனம் 40 ஹொக்கி அட்டைகள் கொண்ட ஒரு தொடரை வெளியிட்டது. முழுத் தொடரையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. எல்லாரும் சேர்த்துவிட்டால் பரிசு கொடுத்துக் கட்டாது என்பதால் 25ஆம் இலக்க அட்டையை, ரொறன்ரோ அணியின் பேர்ட் கோர்போவை, மிகச் சொற்பமாகவே வெளியே விட்டார்கள். இன்று ஹொக்கி அட்டைகளிலேயே கிடைப்பதற்கு மிகக் கடினமானவற்றில் அது ஒன்று. மூலை மடிந்து கிடந்தாலும் வாங்க ஆள் உண்டு, ஏனென்றால் அங்கே பஞ்சம் எண்ணிக்கையில். கிரெட்ஸ்கி பிறந்ததும் அதே பிரான்ட்பேர்ட்தான்.

கிரெட்ஸ்கியின் 18ஆம் இலக்க அட்டை அந்த வகை இல்லை. எட்மன்டன் ஒயிலர்ஸ் உட்பட நான்கு அணிகள் என்.எச்.எல். என்ற தேசிய ஹொக்கி லீக்குக்குள் வந்த பருவம் அது. 396 அட்டைகள் கொண்ட ஓ-பீ-சீ தொடர் கனடா முழுக்கக் கடைகளில் விற்றது. தேடினால் இன்றும் அட்டை கிடைக்கும். நல்ல நிலையில் கிடைப்பதுதான் கடினம். சுற்றிவர நீலக் கரை என்பதால் சின்ன உரசலும் வெள்ளையாகத் தெரியும். மையம் விலகியவை ஏராளம். பொதிக்குள் வைத்த சூயிங்கம் கறையாகும், சுற்றிய தாளின் மெழுகு ஒட்டும். இவற்றுக்கு மேல், பொடியங்கள் அட்டையை விளையாடத்தான் வாங்கினார்கள், பூட்டி வைக்க அல்ல. இதையெல்லாம் தாண்டி 10 என்ற உச்சத் தரத்தைப் பி.எஸ்.ஏ. என்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பெற்றவை இரண்டே இரண்டு. அந்தத் தர அட்டை 2016இல் 465,000 அமெரிக்க டொலருக்குப் போனது. 2020 இறுதியில் 12.9 இலட்சம், 2021இல் 37.5 இலட்சம். அட்டையில் இருப்பது ஆயிரக்கணக்கான மற்றப் பிரதிகளில் உள்ள அதே படம்தான். விலை முழுக்க அந்த ஓரத்துக்கும் மூலைக்கும்.

2024இல் சஸ்கச்சுவானில் ஒரு வீட்டில் கிடந்த, திறக்காத 1979–80 ஓ-பீ-சீ பெட்டி ஏலத்துக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 16 சிறு பெட்டிகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகள். உள்ளே எத்தனை கிரெட்ஸ்கி என்று ஒருவருக்கும் தெரியாது. 37 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது. யாரும் தொடவில்லை என்ற உறுதிக்குத்தான் அந்த விலை.

என் அட்டை இந்த உயரத்தில் எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். 6 வரும், அதிர்ஷ்டம் இருந்தால் 7 வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். இப்போது அதற்கு எந்த இலக்கமும் வராது. வெட்டின அட்டைக்கு விலை எங்கே நிற்கும் என்று உங்கள் விற்பனைப் பிரிவைக் கேட்டாலே சொல்வார்கள்.

தொலைபேசியில் கதைத்த உங்கள் ஊழியரைப் பற்றியும் எழுத வேண்டும். மரியாதையான தம்பி, குரல் உயர்த்தவில்லை. ஆனால் அவர் சொன்னவை இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல.

முதலாவது, உலகத்திலேயே பேர்போன ஹோனஸ் வாக்னர் அட்டையும் வெட்டப்பட்டதுதானே என்றார். உண்மைதான். 1909–11 காலத்தில் அமெரிக்காவில் சிகரெட்டோடு வந்த, ஒரு பேஸ்போல் வீரரின் அட்டை அது. 1991இல் கிரெட்ஸ்கியே இன்னொருவருடன் சேர்ந்து 451,000 டொலருக்கு அதை வாங்கினார். பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரமிட்டதும் அதைத்தான், 8 என்று. ஆனால் மிச்சக் கதையையும் அந்தத் தம்பிக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் பக்க ஓரங்களைத் தான் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். ஏலங்களில் போலியாக விலை கேட்டு விலை ஏற்றிய அந்த வழக்கில் அவருக்கு 20 மாதச் சிறை கிடைத்தது. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த எடுத்துக்காட்டும் உதாரணமா இது?

இரண்டாவது, ஸ்லாப்பை உடைத்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பிப் பாருங்கள், சிலவேளை இலக்கம் கிடைக்கும், கட்டணத்தில் கழிவு தருகிறோம் என்றார். வெட்டினது தெரிந்துகொண்டே மறைத்து அனுப்பச் சொல்கிறீர்கள். அது அகப்படாமல் போனால் நான் ஏமாற்றப்போவது எனக்குப் பிறகு வாங்கும் மனிதரை. போதாததற்கு, ஒவ்வொரு நிறுவனமும் எந்த அட்டைக்கு எந்தத் தரம் எத்தனை கொடுத்தது என்று வெளியிடும் கணக்கும் இதனால்தான் கெடுகிறது. உடைத்த ஸ்லாப்பின் லேபிளைத் திருப்பி அனுப்பாவிட்டால் பழைய பதிவு அப்படியே இருக்கும். ஒரே அட்டை இரண்டு மூன்று தடவை எண்ணப்படும். அந்தக் கணக்கை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் எது அரிது, எது இல்லை என்று முடிவெடுத்துக் காசைக் கொடுக்கிறோம். ஸ்லாப்பை நான் உடைக்க மாட்டேன். அதுதான் என் சாட்சி.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் சேவை வழங்கக் கடமைப்பட்டவர். அனுப்பச் சொன்ன பொருளை வெட்டுவது எந்த அளவுகோலிலும் அதற்குள் வராது. ஆகவே நான் கேட்பவை:

வெட்டு உங்கள் இடத்தில் நடந்தது என்பதை, நாளும் பொறுப்பானவரின் பதவியும் குறிப்பிட்டு, எழுத்தில் தாருங்கள். "சீராக்கியிருக்கலாம்" என்பதைப் பதிலாக எடுக்க மாட்டேன். அட்டையின் இழந்த பெறுமதியை ஈடுசெய்யுங்கள். உங்கள் படிவத்தில் நீங்களே ஏற்றுக்கொண்டு காப்புறுதிக் கட்டணமும் வாங்கிய பெறுமதியிலிருந்து, வெட்டப்பட்ட இதே அட்டைகள் அண்மைய பொது ஏலங்களில் போன சராசரி விலையைக் கழியுங்கள், மீதியைத் தாருங்கள். மதிப்பீட்டுக் கட்டணம், தயாரிப்புக் கட்டணம், இரு வழித் தபால் செலவு முழுவதும் வேறாகத் திரும்ப வேண்டும். நீங்கள் அனுப்பிய அன்பளிப்புக் கூப்பனை இத்துடன் திருப்பியிருக்கிறேன்.

1933இல் பொஸ்ரனின் கௌடி நிறுவனம் ஒரு பேஸ்போல் தொடரில் 106ஆம் இலக்கத்தை வெளியிடாமலே விட்டது. தொடரைச் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் முறைப்பாடு எழுதினார்கள். அடுத்த வருடம் நாப் லஜோயி என்ற வீரரின் அட்டையை அச்சடித்து, எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். இன்று அந்தத் தொடரிலேயே அரிதானது அதுதான். முறைப்பாட்டுக் கடிதத்துக்கு அட்டையே பதிலாக வந்த சம்பவம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் விடயத்தில் நீங்கள் அப்படிச் செய்ய முடியாது, போன ஓரத்தை ஒட்டவும் முடியாது. அதனால்தான் காசாகக் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது எனக்காக அல்ல. அதே மேசையில், அதே வாரத்தில் வேறு பேருடைய ஓ-பீ-சீ அட்டைகளும் இருந்திருக்கும். நான் ஒப்படைத்த அன்றே ஒரு முதியவர் பேரனுடன் வந்து, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய எழுபதுகளின் அட்டைகளைத் தந்துகொண்டிருந்தார். அவற்றில் எத்தனை "சீராக்கப்பட்டன" என்று பார்த்து, உரியவர்களுக்கு நீங்களாகவே அறிவியுங்கள். இன்னும் அனுப்பாமல் வைத்திருப்பவற்றை அந்தத் தொழில்நுட்பவியலாளரின் கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஸ்கான், கையெழுத்திட்ட படிவம், பற்றுச்சீட்டு, இரண்டு மின்னஞ்சல்கள், ஸ்லாப்பின் தற்போதைய படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கும். ஸ்லாப்பைப் பரிசோதிக்க விரும்பினால் என் முன்னிலையில் பரிசோதிக்கலாம். தபாலில் அனுப்ப மாட்டேன். தொலைபேசி அழைப்பு வேண்டாம், எழுத்தில் மட்டும் பதில் தாருங்கள். இந்த மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால், மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு பதிவு செய்துவிட்டு, சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ