வளைகுடா ஆசிரியர் வேலை: கையெழுத்துக்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் பி.எட். முடித்த பிள்ளைகள் பலர் வளைகுடாவில் ஆங்கில ஆசிரியர் வேலை தேடுகிறார்கள். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். அமீரகத்தில் பணிக்கொடை (வேலையை விட்டு வரும்போது தரும் தொகை) அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்காகும்; முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். மாதம் மொத்தம் 4,000 திர்ஹாமில் அடிப்படை 1,600 என்றால் ஆண்டுக்கு 1,120தான் சேரும். 2,800 என்றால் 1,960. வீட்டு வாடகை, விமான டிக்கெட், கோடை விடுமுறைச் சம்பளம் மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

அடுத்தது சான்றிதழ். அமீரகத்துக்கு மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரைகள் வரிசையாக வேண்டும். சவூதிக்கு 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முறை (நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையே போதும், தூதரக முத்திரை வேண்டாம்) வந்துவிட்டது. நம்மவர்கள் அதிகம் மாட்டுவது பெயரில்தான்: பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இதை வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துகொள்வது நல்லது, கடைசி நேரத்தில் ஓடினால் விசா தேதி தவறிவிடும்.

பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு கட்டணம் வாங்கக்கூடாது. பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். விசிட் விசாவில் போய்ப் பாடம் நடத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோத வேலை, சம்பளம் தராவிட்டால் புகார் கொடுப்பதே சிக்கலாகிவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் மே மாதத்திலாவது இதற்கு ஒரு வழிகாட்டு முகாம் நடத்த வேண்டும்.

– ஆங்கில ஆசிரியர்கள் சிலர், தக்கலை