டர்போ வேண்டாம், அம்மிணி

கிணத்துக்கடவு,
ஐப்பசி 20

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் ஆத்தாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெர்மனியிலிருந்து, இஞ்சினுக்குள் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் டர்போ சாமான்களை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டபோது உன் குரலில் இருந்த ஆசையை, வேண்டாம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்பதையும், இந்தப் பதினான்கு மாதங்களில் நம் ஹோண்டா சிட்டி காருக்கு என்னென்ன செய்திருக்கிறேன் என்பதையும் விவரமாக எழுதுகிறேன். நீ பொறியியல் படித்தவள். நான் சொல்லும் காரணம் சரியில்லை என்று பட்டால் தயங்காமல் மறுத்து எழுது.

வண்டியைப் பிரித்ததற்கான காரணத்தை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நிறுத்தத்தில் இஞ்சின் விட்டுவிட்டு அதிர்ந்தது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் 170 பவுண்டை ஒட்டிக் காட்டின. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110-இல் நின்றது. அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி இஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்துக் கொண்டு அளவு ஏறியிருக்கும். அது ஏறவில்லை என்றதும், கசிவு வால்வில்தான் என்பது தெரிந்துவிட்டது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியபோது வெளியேற்றும் வால்வு ஒன்றின் ஓரம் நகத்தால் கிள்ளி எடுத்தது போலக் கருகிப் போயிருந்தது. அது என் தவறு. வால்வு தன் இருக்கையில் தேயத் தேய, அதற்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த வழியின்றி எரிந்துபோகும். பட்டறையில் ஊரார் இஞ்சின்களுக்கெல்லாம் இதைப் பார்த்துச் சொல்லும் நான், நீ போன பிறகு நம் வண்டியின் மூடியை ஒரு முறையும் திறந்து பார்க்கவில்லை.

ஹெட்டைக் கழற்றிய பிறகு, பாதியில் நிறுத்துவதற்கு எனக்கு விருப்பமில்லை. சிலிண்டர் துளைகளை அளந்தபோது மேல்பகுதியில் தேய்மானம் இருந்தது. எனவே கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களுக்கு ஏற்பப் போரிங் செய்ய முடிவு செய்தேன். 75 மில்லிமீட்டர் துளை 75.25 ஆகிறது, 1493 சிசி இஞ்சின் 1503 சிசி ஆகிறது. இதனால் சக்தி கூடிவிடாது, துளை நேராகும் என்பதுதான் ஆதாயம். ஆனால் ஒரு வேலையை மட்டும் நான் பிறரிடம் விடவில்லை. ஹெட்டை இறுக்கும்போது அந்தப் போல்ட்டுகளின் இழுவையில் சிலிண்டர் துளை மிகச் சிறிதளவு கோணிக்கொள்ளும். ஹெட் இல்லாமல், துளைச் சுவரைத் தேய்த்து இழைக்கும் ஹோனிங் செய்தால், அப்போது வட்டமாக இருக்கும் துளை, ஹெட்டைப் பூட்டிய பிறகு வட்டமாக இராது. ஆகவே கணபதி பட்டறையில் நம் லேத்தில் ஐம்பது மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தட்டு ஒன்றைக் கடைந்து, நான்கு துளைகளும் போல்ட் துளைகளும் இட்டு, ஹெட்டுக்கு உரிய அதே இறுக்கத்தில் பிளாக்கின்மேல் பூட்டி, அந்த நிலையில் ஹோனிங் செய்யச் சொன்னேன். அந்தத் தட்டுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இந்த இஞ்சினில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் நிறைவளித்தது அதுதான். ரிங்குகளின் வாய் இடைவெளியை ஒவ்வொன்றாகத் துளைக்குள் வைத்துப் பார்த்து, அரத்தால் தேய்த்து, 0.30 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன்.

சுற்றும் திசையையும் நீ நினைவில் வைத்துக்கொள். பெரும்பாலான இஞ்சின்கள் கிராங்க் புல்லி பக்கமிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றும். நம்முடையது எதிர்த்திசையில் சுற்றும். முப்பத்தைந்து வருடம் பழகிய கை தன்போக்கில் மறுபக்கம் போனதால், டைமிங் பெல்ட்டை இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. இந்த இஞ்சினில் பெல்ட் பல் தவறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் என்பதால், கையால் முழுதாக ஆறு சுற்றுச் சுற்றி, குறிகள் ஒன்றுகூடுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

வேலை இவ்வளவு நாள் இழுத்ததற்கு நம் ஊர்க் காற்றும் ஒரு காரணம். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சுற்றியுள்ள நார் மில்களிலிருந்து தேங்காய் நார்த்தூளை அள்ளிக்கொண்டு நேராக நம் சாளை வீட்டுக்குள் வருகிறது என்பது உனக்குத் தெரியும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே அந்தத் தூள் ஒரு சிட்டிகை போனாலும் செய்ததெல்லாம் வீண். எனவே அந்த இரண்டு மாதமும் இஞ்சினைப் பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, காற்று அடங்கிய ஆவணியில், தரையில் தண்ணீர் தெளித்து, அதிகாலையில் மட்டும் பூட்டினேன். பெயிண்ட் வேலையையும் அதற்கேற்பத் தள்ளி வைத்தேன். நிறம் பழைய வெள்ளைதான்.

பெட்ரோல் விஷயம் நீ இங்கிருந்தபோது இல்லாதது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2002-இல் செய்த ரப்பர்க் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே டாங்கிலிருந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை எல்லாக் குழாய்களையும் மாற்றி, இன்ஜெக்டர் வளையங்களுக்கு எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் போட்டு, டாங்கை இறக்கித் துரு பார்த்துக் கழுவி மாட்டினேன்.

இனி டர்போவுக்கு வருகிறேன். இந்த இஞ்சின் தானாக இழுக்கும் காற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றை நெருங்கும்போது ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி, ராக்கர் கைகளைப் பூட்டி, உள்ளிழுக்கும் வால்வுகளை, அவற்றை இன்னும் அதிகமாகத் திறக்கும் உயரமான கேம் முனைக்கு மாற்றுகிறது. அந்த ஏற்பாட்டினால்தான் 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன் கிடைத்தது. அதன்மேல் டர்போ கொண்டு காற்றைத் திணித்தால், சாதாரண பெட்ரோலில், சித்திரை மாதத்து நாற்பது டிகிரி வெயிலில், முதலில் கேட்பது, எரிபொருள் தானாகப் பற்றி வெடிப்பதால் எழும் தட்டும் ஓசைதான். அதைத் தவிர்க்கக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும்; அதற்கு வேறு பிஸ்டன் வேண்டும்; மெல்லிய கனெக்டிங் ராடுகளை மாற்ற வேண்டும்; பிறகு கிளட்ச், ரேடியேட்டர், கியர் பெட்டி என்று வரிசை நீளும். பணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. அத்தனையும் மாற்றிய பிறகு அந்த வண்டியை நிறுத்துவதற்கு இருப்பது முன்சக்கரத்தில் அதே டிஸ்க்கும் பின்சக்கரத்தில் அதே டிரம்மும்தான் என்பதே என் கவலை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டு மே மாதம் வால்பாறையிலிருந்து திரும்பியது உனக்கு நினைவிருக்கும். லோம்ஸ் காட்சிமுனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நீ விழித்தெழுந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இஞ்சின் சூடாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அது உண்மையல்ல. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது வளைவுக்கு மேலே பெடல் பஞ்சு போல அடிவரை போயிற்று. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்து, இரண்டாவதுக்கும் பிறகு முதல் கியருக்கும் தள்ளி, மலைச்சுவர் ஓரமாகவே ஊர்ந்து, ஒன்பதாவது வளைவில் இருக்கும் அந்த அகலமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தேன். நீயும் அம்மாவும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஏழு வருடமாக அந்த ஆயிலை நான் மாற்றவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 205 டிகிரி தாங்கும் டாட் 3 ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இதையெல்லாம் அந்தக் காட்சிமுனையில் நின்றபடி எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கைகள் நடுங்குவது தெரியாமலிருக்கப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் இம்முறை இஞ்சினைத் தொடுவதற்கு முன்பாகவே பிரேக்கை முடித்தேன். காலிபர்களைப் பிரித்து, துருப்பிடித்த பிஸ்டன்களையும் சீல்களையும் மாற்றினேன். புது டிஸ்க் போட்டும் டயல் கேஜில் ஆட்டம் காட்டியது. டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அது அமரும் ஹப்பின் முகத்தைப் பார்த்தால், அங்கே காகிதக் கனத்துக்குத் துரு. அதைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்ததும் ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதியவை. ஆயில் டாட் 4. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய தேதியை மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 120-இல் போகும் வண்டியை நிறுத்தப் பிரேக் இரண்டேகால் மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும் என்பதை நீ எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவள்தானே. டர்போ சேர்த்தால் அந்த 120 எவ்வளவு எளிதாக வரும் என்பதையும் நீயே கணக்கிட்டுப் பார்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2022-இல் ஐயாயிரம் ரூபாய் கட்டி ஆர்சியைப் புதுப்பித்திருக்கிறேன். 2027-இல் மறுபடியும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வேகமே வேண்டாம் என்று சொல்லும் தகப்பன் நானல்ல. நம் கோயம்புத்தூர்க் கார்ப் பந்தயக்காரர் கரிவரதன் 1988-இல் மாருதி 800 இஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டினார். அந்தச் சிறிய இஞ்சின் வண்டியில் ஓட்டிப் பழகிய நம் ஊர் நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்த வண்டியில் சக்தி குறைவு, எடையும் குறைவு. நானும் அந்த வழியில்தான் போயிருக்கிறேன். நீ கல்லூரிக் காலத்தில் பின்னால் பொருத்திய பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும், அதன் மரப் பலகையையும், தரைவிரிப்பின் அடியில் இருந்த தார்த் தகடுகளையும் எடுத்துவிட்டேன். கொப்பரை மண்டி எடைமேடையில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்ததில் நாற்பது கிலோ குறைந்திருக்கிறது. ஹெட்டின் காற்றுப் பாதையில் வார்ப்புத் தழும்புகளை மட்டும் தேய்த்து, கேஸ்கெட்டின் வாயோடு சமமாக்கியிருக்கிறேன். பாதையைப் பெரிதாக்கவில்லை. சஸ்பென்ஷன் புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும் ஷாக் அப்சார்பர்களும் புதியவை. ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்புகிறது.

எனவே டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தில், சூடு தாங்கும் நல்ல பிரேக் பேடுகள் முன்சக்கரங்களுக்கு ஒரு செட் வாங்கி வா. பழைய பேடு ஒன்றைத் தாளில் வைத்து வரைந்து, கனமும் குறித்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடையில் அந்த வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்து வாங்கு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொதுமக்கள் ஓட்டும் நாள் தையில் இருக்கிறதா என்று விசாரித்து வைக்கிறேன். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தத் தடத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது இரண்டு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

இஞ்சின் இப்போது 820 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐம்பதிலும் ஐந்நூறிலும் ஆயிலை மாற்றினேன். வடிகட்டியை அறுத்துப் பார்த்ததில் பொடி மட்டுமே இருந்தது, சில்லு இல்லை. இஞ்சின் பழக வேண்டும் என்பதால் நாலாயிரம் சுற்றுக்கு மேல் நான் கொண்டுபோகவில்லை. அந்த உயரமான கேமின் சத்தம் இன்னும் ஒரு முறைகூடக் கேட்கப்படவில்லை. பொங்கலுக்கு நீ வருவதற்குள் ஆயிரத்தை முடித்து வைக்கிறேன். உன் தாத்தா அப்பாருவின், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் உன் பெட்டியோடு அங்கே வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள். மறவாமல் எடுத்து வா. நீ வந்த மறுநாள் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து இருவரும் பார்ப்போம்: உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.20, வெளியேற்றும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர் இடைவெளி.

இப்படிக்கு,
அப்பா