ஊருக்குப் போகாத கப்பல்

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள நாகைக்காரிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துபோய், அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்புறம், அம்மாவோடு கப்பலில் போய் வந்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதக் கை வரவில்லை. நேற்று ராத்திரி அம்மா ஒன்று கேட்டாள். அதற்குப் பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவின் கப்பல் கதை உனக்குத் தெரியும். கல்லூரி விட்டு நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறிக்கொண்டே தொடங்கிவிடுவாளே, அதே கதைதான். தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அம்மாவும் ஆச்சியும் வருஷத்துக்கு ஒருமுறை போய் வருவார்கள். மண்டபம் முகாமில் சோதனை முடித்து, தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கினால் அங்கேயே கப்பல் நிற்கும். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள். அந்தக் கரையில் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். அம்மா கடைசியாக அந்தக் கப்பலில் வந்தது 1958-ல், ஒன்பது வயதில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

போன பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு, "சாகுறதுக்குள்ள இன்னொரு தடவை கப்பல்ல போகணும்ட்டி" என்றாள். கப்பல் என்ற சொல்லை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். சென்னையிலிருந்து இரண்டு ராத்திரி, மூன்று பகல் உல்லாசக் கப்பல் போகிறது என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து அரை லட்சத்துக்கு மேல் ஆயிற்று. பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்தேன். அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை. வ.உ.சி. மைதானத்தில் கூட நடக்கிறவர்களிடமெல்லாம் "எம் மக என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். கப்பல் கிளம்புவது சாயங்காலம்தான். ஆனால் மதியமே துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெரிய கொட்டகையில் நூற்றுக்கணக்கான பேர். பெட்டிக்குச் சோதனை, ஆளுக்குச் சோதனை, ஆதார் அட்டைக்கு ஒரு வரிசை, அறைச் சாவிக்கு இன்னொரு வரிசை. உட்கார நாற்காலி இல்லை. அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியுமே. சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதியிருந்தேன். கேட்டால் "வரும், வரும்" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் அவள் எங்கள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் சுளிக்கவில்லை. கொட்டகையின் இடுக்கு வழியாகத் தெரிந்த கப்பலின் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குப் போனால் ஜன்னல் இல்லை. கடல் தெரியும் அறை என்று கேட்டுத்தான் பணம் கட்டினேன். இவர்கள் கொடுத்தது கப்பலின் வயிற்றுக்குள் ஓர் அறை. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்றே தெரியாது. முகப்பில் போய்க் கேட்டேன். எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன, பதிவில் இந்த வகைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். என் கோபம் அதோடு அடங்கவில்லை. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். எல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான். சென்னையில் புறப்படும் கப்பல் இது. ஏறியவர்களில் பாதிக்குமேல் தமிழ் பேசுகிறவர்கள். உயிர் காக்கும் விஷயத்தைக்கூடத் தமிழில் ஒருமுறை சொல்லவில்லை. நான் அம்மாவுக்குக் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டார்.

கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்துக்குப் போனோம். கரை மெல்ல விலகியது, கலங்கரை விளக்கம் சின்னதாகிக்கொண்டே போனது. அது மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது. அப்போதுதான் அம்மா கேட்டாள், "இந்தக் கப்பல் எந்த ஊருக்குட்டி போகுது?"

"எந்த ஊருக்கும் இல்லம்மா. கடலுக்குள்ள போய்ச் சுத்திட்டு, நாளன்னைக்கு இங்கேயே திரும்பி வந்துரும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சிதம்பரம் பிள்ளை விட்ட கப்பல் தூத்துக்குடியிலருந்து கொழும்புக்குப் போச்சு. கோஷன் தலைமன்னாருக்குப் போச்சு. ஊருக்குப் போகாத கப்பலும் இருக்கா?"

புரியாமல்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கப்பல் என்றால் பிழைப்பு. 1906-ல் வ.உ.சி. வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதிக் கப்பல் விட்டதும் அந்தக் கொழும்புப் பாதையில்தான். அந்த நினைப்போடு வந்தவளை நான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

பேச்சை மாற்றக்கூட முடியவில்லை. பாட்டுப் பெட்டிகள் அலற ஆரம்பித்துவிட்டன. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் நம் நாட்டுக் கடல் எல்லை முடிகிறதாம். அதைத் தாண்டியதும் சூதாட்டக் கூடத்தைத் திறந்தார்கள், கூட்டம் அங்கே போயிற்று. பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அம்மா இரண்டு நாளும் தயிர்சாதத்திலேயே கழித்தாள். எனக்கு முதல் ராத்திரியே தலைசுற்றல், மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். இருட்டில் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள், வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையன் வந்தான். "ஆச்சி, எந்த ஊரு? திருநவேலியா?" என்றான். அவன் தூத்துக்குடிப் பக்கம். அவன் அப்பா தோணியில் வேலை பார்த்தவராம். அம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "கடலைக் கிட்டத்துல பார்க்க முடியலையே ஐயா" என்றாள். அவன் வேலை முடிந்ததும் வந்து எங்களைக் கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். சுண்டக் காய்ச்சிய காப்பி இரண்டு தம்ளரும் கொண்டுவந்து கொடுத்தான்.

அங்கே பாட்டு கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கப்பலுக்குப் பின்னால் நுரை ஒரு வெள்ளைத் தடமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் முடிந்ததும் தாத்தா இவர்களை ஊருக்கு அனுப்பிவைத்தார். தலைமன்னார்த் துறை வரை வந்து ஏற்றிவிட்டார். "நாலு மாசத்துல வந்துருவேன்" என்றாராம். கப்பல் நகர்ந்தபோது அம்மா இப்படித்தான் பின்பக்கம் நின்றிருக்கிறாள். தாத்தா துண்டை வீசிக்கொண்டே நின்றாராம். நுரைத் தடம் அவர் நின்ற இடத்திலிருந்தே கிளம்பி வந்ததுபோல இருந்ததாம். அவர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் அங்கேயே காலமாகிவிட்டார். தந்திதான் வந்தது. ஆச்சி கடைசி வரை அந்த மண்ணை மிதிக்கவில்லை.

"அவர் நின்ன இடத்தை ஒரு தடவை பாக்கணும்னு நெனச்சேன். அதான் கப்பல்னு சொன்னேன். நீயும் ஆசையாக் கூட்டிட்டு வந்தே" என்றாள். குறையாகச் சொல்லவில்லையடி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும், பெற்றவள் என்ன கேட்கிறாள் என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அந்தக் கப்பல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் என் தப்பை அவர்கள் தலையில் ஏற்ற முடியாது.

ஊர் வந்து சேர்ந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "நல்லா இருந்துச்சு, பெரிய கப்பல்" என்று அம்மா சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று தெரிந்து நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

சரி, நேற்று ராத்திரிக்கு வருகிறேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "உன் கூட்டாளி நாகப்பட்டினத்துலதான இருக்கா? அங்கேருந்து சிலோனுக்குக் கப்பல் போகுதாமே?"

2023 அக்டோபரில் உங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டது, இடையில் நின்றது, அடுத்த வருஷம் ஆகஸ்டில் திரும்பத் தொடங்கியது எல்லாம் நானும் படித்ததுதான். ஏறக்குறைய நாலு மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் போய்விடலாம். 2015-ல் அங்கே மறுபடி ரயிலும் விட்டுவிட்டார்கள். தாத்தா நின்ற துறையில் இப்போது என்ன மிச்சமிருந்தாலும் சரி, அந்த இடத்தில் அம்மாவை நிறுத்த வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே விண்ணப்பிக்கிறோம். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், போகலாம் என்கிறார். இந்தத் தடவை எதையும் நானாக முடிவு செய்யப்போவதில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். துறைமுகத்தில் ஒருமுறை நேரில் விசாரித்துச் சொல்லுவாயா? ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு என்று நிறுத்திவிடுவார்களாமே, எந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும்? காத்திருக்கும் இடத்தில் உட்கார நாற்காலி உண்டா? உட்காருகிற இடத்தில் ஜன்னல் இருக்கிறதா, பின்பக்கம் நிற்க விடுவார்களா? முக்கியமாக, ஏறுவதற்குப் படியா, சரிவுப் பலகையா? படி என்றால் எத்தனை படி என்று எண்ணிப் பார்த்து எழுது.

உன் மகளுக்கு என் ஆசீர்வாதம். அம்மாவும் சொல்லச் சொன்னாள்.

உன்
பாளையங்கோட்டைக்காரி