இடியப்ப ஆவிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

முந்தாநாள் இரவு யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் எங்கள் பாட்டு நாடகத்தின் திரை விழுந்தது. அதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இன்னும் காதுக்குள் மிருதங்கம் கேட்கிறது. அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளம் நின்ற அந்த நான்கு நாட்களில் எங்கள் ஒழுங்கையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் நின்றே தெரிந்துகொண்டவர்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களையும் என்னையும் நனைக்கப் போவதில்லை.

நாடக உடுப்புகள் இருந்த றங்குப் பெட்டிகளைத் தலையில் சுமந்து வெளியே எடுத்த பையன்கள், ஓடிய மீற்றருக்குக் காசு வாங்காத ஓட்டோத் தம்பி, உடுப்புக் காயப்போடக் கோயில் மடத்தைத் திறந்துவிட்ட ஐயா, சேற்றில் கிடந்த மணிகளைச் சுளகில் போட்டு நிறம் நிறமாகப் பொறுக்கித் தந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்காமலே பணம் அனுப்பிய பழைய மாணவிகள், இரவிரவாகத் தைத்த என் நான்கு பெண்கள். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கூரை ஒழுகும் என்று தெரிந்துகொண்டே களஞ்சிய அறைக்கு வாடகை வாங்கியவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதினேன். இது நன்றி மடல் என்று மகள் நினைவூட்டினாள், வெட்டிவிட்டேன்.

இனி, இந்த மடலை எழுதவைத்தவருக்கு வருகிறேன். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா என்றே எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையின் முடக்கில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுப்பவர். எட்டு வருடமாக அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த பேச்சு, "முப்பது இடியப்பம், சம்பல் தனியாக" என்பதுதான்.

தண்ணீர் வற்றிய இரண்டாம் நாள், கடைக்குப் போகும் வழியில் எங்கள் படலையில் நின்றார். கொடியில் நாடகத்துக்குத் தைத்த கருநீல வெல்வெட் அங்கி தொங்கியது. காய்ந்திருந்தது, ஆனால் மயிர் முழுவதும் படுத்து, நனைந்த பூனைபோலக் கிடந்தது. இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "இதற்கு ஆவி காட்ட வேண்டும், பிள்ளை. விடிய ஐந்தரைக்கு என் அடுப்பு ஓயும். கொண்டு வா."

நாற்பது வருடமாக மேடைக்குத் தைப்பவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். என் நீராவி இஸ்திரிப் பெட்டி சேற்றுக்குள் போய்விட்டது, ஒழுங்கைக்கு மின்சாரமும் வந்திருக்கவில்லை. அதைவிட, அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. எதையும் தொட மனமில்லாமல் திண்ணையில் இருந்தேன். அக்காவுக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணத்துக்குத் தைத்த வெல்வெட் சட்டை பெட்டிக்குள் நசுங்கிப்போய், குசினிக் கொடியில் போட்டபோது இடியப்ப ஆவியில் தானாக நிமிர்ந்ததைப் பார்த்தவராம்.

மூன்று காலை போனேன். தட்டுகளை இறக்கிவிட்டு, பானை வாயில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார். கொதிநீர்த் துளி தெறித்தால் வெல்வெட்டில் வட்டம் விழுந்துவிடும் அல்லவா. துணியின் முதுகுப் பக்கம் ஆவிக்கு, மயிர்ப் பக்கம் மேலே. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்துவோம். பேரப்பிள்ளையின் தலை சீவும் மெல்லிய பிரஷால் அவர் எதிர்ப்பக்கமாகத் தடவத் தடவ, படுத்திருந்த கறுப்பிலிருந்து நீலம் எழும்பி வரும். பொச்சுக்கும் விறகுக்கும் காசு நீட்டினேன். பார்த்த பார்வையில் மடித்து வைத்துவிட்டேன்.

அந்த அங்கிக்கு ஏன் இவ்வளவு பாடு? நாங்கள் தமிழில் போட்ட கதை, 1863இல் பிசே என்ற இருபத்துநான்கு வயது இளைஞர் இசையமைத்துப் பரிஸில் மேடையேறிய 'முத்துக் குளிப்போர்' என்ற ஓப்பரா, அதாவது பாட்டிலேயே நடக்கும் நாடகம். கதை நடப்பது இலங்கைக் கரையில். முதலில் மெக்சிகோவில் என்று யோசித்துப் பிறகு இங்கே மாற்றினார்களாம். அதனால்தானோ என்னவோ, நம் மீனவர் கடற்கரையில் நின்று பிரமனைக் கும்பிடுகிறார்கள்! தொடக்கத்திலேயே ஸுர்காவைத் தலைவனாகத் தெரிவார்கள். அந்தக் கணத்தில் அவன் தோளில் விழுவது இந்த அங்கி. மன்னார்ச் சிலாவத்துறை வெயிலில் வெல்வெட்டா என்று ஒத்திகையில் ஒருவர் சிரித்தார். மேடைக்கு வெயில் கிடையாது, விளக்குத்தான். மற்றத் துணி விளக்கைத் திருப்பி எறியும், வெல்வெட் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆழ்கடல் வேண்டுமென்றால் எனக்கு வேறு துணி தெரியாது.

சிறுமியாக இருந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், ரஷ்ய ஓவியர் லெயோன் பாக்ஸ்ட் வரைந்த பாலே நடன உடுப்புகளின் படங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் ஆசை பிடித்தது. அந்தப் புத்தகம் 1981இல் நூலகத்தோடு எரிந்தது. 1995 இடப்பெயர்வில் உடுப்புகளைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது. பிறகு ஒருமுறை, அவுஸ்திரேலியாவில் தங்கையிடம் போனபோது, கன்பரா தேசியக் கலைக்கூடத்தில் 'நீலக் கடவுள்' பாலேக்காகப் பாக்ஸ்ட் வரைந்து, 1912இல் நடனக்காரர் நிஜின்ஸ்கி உடுத்த உடுப்பின் முன்னால் நின்றேன். அந்த பாலே எடுபடவில்லை. ஆடியவரும் இல்லை, வரைந்தவரும் இல்லை. உடுப்பு இருக்கிறது. அன்று எனக்கு வந்தது பொறாமைதான், மறைக்கவில்லை.

கண்ணாடிப் பேழை எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அடுத்த மாரிக்கு முன்னால் என் கையிலுள்ள ஒவ்வொரு உடுப்பின் வெட்டையும், கூத்துக்காரர் வளையம் வைத்து விரித்து உடுக்கும் கரப்புடுப்பின் வளைய அளவு உட்பட, தாளில் வரைந்து மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வைப்பேன். ஒரு வீடு அக்காவுடையது. சம்மதித்துவிட்டார், பரணில் இடம் இருக்கிறதாம்.

முந்தாநாள் அவர் நான்காம் வரிசையில் இருந்தார். ஸுர்காவாக நடித்த தம்பி, அங்கியில் அரிசிமா வாசம் அடித்துத் தனக்குப் பாட்டின் நடுவே பசித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் ஓடிப்போய், எப்படி இருந்தது என்று கேட்டேன். கதையைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

"கழுத்துக்குக் கீழே ஒரு சாண் இன்னும் நிமிரவில்லை, பிள்ளை. நாளைக்கு விடிய எடுத்துக்கொண்டு வா."

நேற்றுப் போக முடியவில்லை. மணி ஐந்து ஆகிறது, இப்போது புறப்படுகிறேன்.