ஓடிட்டுதானே இருக்குன்னு விட்டா இப்படித்தான்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

பரீட்சை நேரத்துல ஏதாவது காலேஜ் ஆன்லைன் சைட் படுத்துடுச்சுன்னா எல்லாரும் சர்வர் பத்தல, நெட் ஸ்லோன்னுதான் பேசுறாங்க. நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூடுல் (பாடம், பரீட்சை, மார்க் எல்லாம் ஆன்லைன்ல நடத்துற சாஃப்ட்வேர்) சைட்டை பாத்துக்குற ஆளு. எங்க கதையில சர்வர் மேல ஒரு தப்பும் இல்ல சார், உள்ள கோடுதான் குப்பையா கிடந்துச்சு.

2020 லாக்டவுன்ல அவசர அவசரமா மூடுல் 3.9 வெர்ஷன் போட்டாங்க. அப்ப இருந்தவரு (அவரை குறை சொல்லல, அன்னைக்கு நிலைமை அப்படி) பரீட்சை பக்கத்துல ரிஜிஸ்டர் நம்பர் தெரியணும்னு மூடுலோட சொந்த குவிஸ் ஃபைலுக்குள்ளயே கை வச்சிருக்காரு, இன்டர்னல் மார்க் ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸ்ல நேரா குவரி (டேட்டா எடுக்குற கட்டளை) எழுதி வச்சிருக்காரு, மார்க் கணக்கு போடுற ஒரே ஃபங்ஷன் (ஒரு வேலையை செய்யற கோடு துண்டு) நாலு ஃபைல்ல காப்பி பேஸ்ட், நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் வேற. எது சரியான கணக்குன்னு கேட்டா ஆபீஸ்லயே ஆளுக்கொண்ணு சொன்னாங்க.

4.1 வெர்ஷனுக்கு மாத்தினப்பதான் வண்டவாளம் எல்லாம் வெளிய வந்துச்சு. அவரு கை வச்ச ஃபைல் மேல புது ஃபைல் வந்து உக்காந்ததும் ரிஜிஸ்டர் நம்பர் காணோம். மூடுல் 4.0ல கேள்விகளுக்கு வெர்ஷன் கொண்டு வந்தாங்க, அதுக்காக டேட்டாபேஸ்ல கேள்வி டேபிள்ல இருந்த கேட்டகிரியை வேற டேபிளுக்கு மாத்திட்டாங்க, எங்க ரிப்போர்ட் பழைய இடத்துலயே தேடி எரர் அடிச்சு நின்னுச்சு. கூடவே மூடுல் எழுதியிருக்குற பிஹெச்பி மொழியோட 8ம் வெர்ஷனுக்கு போனோமா, அதுல ஈச் (each)ங்கிற ஃபங்ஷனையே தூக்கிட்டாங்க, அதை நம்பி இருந்த பக்கமெல்லாம் வெறும் வெள்ளை.

அப்புறம் ஒரிஜினல் 3.9 கோடை இறக்கி எங்களோடதை பக்கத்துல வச்சு டிஃப் போட்டு (ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு) பாத்தா 31 ஃபைல்ல கை வச்சிருக்காங்க, அதுல பாதி இப்ப யாருக்கும் தேவையே இல்ல. மிச்சத்தை ஒரே ஒரு லோக்கல் ப்ளகினுக்குள்ள (மூடுலோட ஃபைலை தொடாம தனியா சேக்குற கோடு) கொண்டு வந்தோம். அதுக்கு முன்னாடி ஒரு கிளாஸோட பழைய மார்க் லிஸ்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு மாத்தத்துக்கும் அதோட ஒத்துப் பாத்தோம், ஒரு மார்க் தப்பினாலும் பேரன்ட்ஸ் வந்து நிப்பாங்களே. மே மாசம் முழுக்க இதுலயே போச்சு. பிரின்சிபால் "புதுசா என்னப்பா பண்ணீங்க"ன்னு கேட்டாரு. ஒண்ணும் புதுசா இல்ல சார்னு சொல்றதுக்குள்ள எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா மூடுல் பண்றவங்களே இந்த பழைய கோடை ஒழுங்குபண்ற வேலையை விடாம பண்ணிட்டுதான் இருக்காங்க. 2002ல ஆஸ்திரேலியா பெர்த்ல மார்ட்டின் டூகியாமஸ் முதல் வெர்ஷன் விட்ட சாஃப்ட்வேர் அது. ரொம்ப நாளா லிப்ங்கிற (lib) பொதுக் கோடு ஃபோல்டர்ல ரெண்டு மூணு ராட்சச ஃபைல்லதான் எல்லாமே கிடந்துச்சு, 2013ல 2.6 வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தனித்தனி சின்ன பகுதியா (கோடுல கிளாஸ்னு சொல்றது) பிரிச்சுட்டு வர்றாங்க. பழைய ஃபங்ஷனை ஒரே நாள்ல தூக்கி எறியறதும் இல்ல, தனியா ஒரு ஃபைல்ல ஒதுக்கி வச்சு, இது போகப்போகுதுன்னு டெவலப்பருக்கு வார்னிங் காட்டி, அப்புறம்தான் எடுக்குறாங்க. எங்க சைட்லயும் அந்த வார்னிங் வந்திருக்கும், ஆனா டீபக் மெசேஜை (கோடுல உள்ள பிரச்சினையை காட்டுறது) ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க!

காலேஜ் நிர்வாகங்களுக்கு ஒண்ணு கேட்டுக்குறேன். பில்டிங்குக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்க காசு ஒதுக்குறீங்க, சைட்டுக்கும் வருஷத்துல ரெண்டு வாரம் ஒதுக்குங்க, அந்த ரெண்டு வாரத்துல புது வசதி எதுவும் கேக்காதீங்க. வெளி கம்பெனிக்கு வேலை கொடுத்தா கோர் ஃபைல் (சாஃப்ட்வேரோட சொந்த ஃபைல்) எதுலயாவது கை வச்சீங்களான்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பில் பாஸ் பண்ணுங்க.

எங்க அட்டெண்டன்ஸ் பக்கம் இன்னும் பழைய கோடுலதான் ஓடுது, அதை சரிபண்ண அடுத்த மே லீவுல நேரம் கேட்டு லெட்டர் கொடுத்திருக்கேன், இன்னும் கையெழுத்து ஆகல.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் சென்டர் ஊழியர்,
திருச்சி மாவட்டம்.